கத்தியைச் செய்தவரிடமே வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினைந்து வருடமாகக் கைவினைக் கத்திகளை அவற்றைச் செய்தவர்களிடமே கேட்டு வாங்கிச் சேர்த்துவருகிறேன். புதிதாக இறங்குகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரு கத்தியின் தரத்தை முடிவுசெய்யும் வேலையில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாது. அதைப் பற்றிச் சொல்லக்கூடியவர் செய்தவர் ஒருவர்தான். இடையில் ஆள் இல்லாமல் நேரே வாங்கச் சொல்வதற்குக் காரணமும் அதுவே.

கையால் செய்த கத்தி என்றால் இயந்திரமே படாததா?

அப்படி இல்லை. பெல்ட் கிரைண்டரும் டிரில்லும் இல்லாத பட்டறை அபூர்வம். இயந்திரம் ஓடினாலும் எங்கே எவ்வளவு தேய்ப்பது என்பதைக் கையும் கண்ணும் முடிவுசெய்கின்றன. அதைத்தான் கைவேலை என்கிறோம்.

செய்முறை இரண்டு விதம். எஃகை உலையில் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து அலகை உருவாக்குவது ஒன்று. தகடாக வரும் எஃகை வெட்டித் தேய்த்து வடிவத்துக்குக் கொண்டுவருவது இன்னொன்று. இரண்டாவது வழியை மட்டமாகப் பேசுகிறவர்கள் உண்டு. அந்தப் பேச்சைப் பொருட்படுத்த வேண்டாம். 2010-இல் மறைந்த அமெரிக்கக் கைவினைஞர் பாப் லவ்லஸ் தகட்டைத் தேய்த்தே கத்தி செய்தார். முனை சற்றே கீழிறங்கிய அவருடைய வேட்டைக்கத்தி வடிவத்தை இன்றும் உலகம் முழுக்கப் பின்பற்றுகிறார்கள்.

‘கஸ்டம்’ என்ற சொல்லையும் கவனியுங்கள். உங்கள் தேவையைக் கேட்டு உங்களுக்காகச் செய்வதுதான் கஸ்டம். அவர் தன் விருப்பப்படி செய்து முடித்து விற்பனைக்கு வைத்திருப்பது கைவினைக் கத்தி, ஆனால் கஸ்டம் ஆகாது. அலகை லேசரில் வெட்ட வெளியே கொடுத்து, மீதியைக் கையால் முடிக்கும் நடுவகையும் உண்டு. அதில் எந்தத் தப்பும் இல்லை. மறைத்து விற்றால்தான் தப்பு. அதனால், “இதில் எந்தெந்த வேலையை நீங்களே செய்தீர்கள்?” என்று நேராகவே கேளுங்கள். நல்ல கைவினைஞர் யாரும் இந்தக் கேள்விக்குக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

தொழிற்சாலைக் கத்தியே நன்றாக இருக்கும்போது இதற்கு ஏன் அவ்வளவு பணம்?

வெட்டுவதற்கு மட்டும் என்றால் நல்ல தொழிற்சாலைக் கத்தியே போதும், வேறு செலவு வேண்டாம். கைவினைக் கத்தியில் உங்கள் உள்ளங்கை அளவுக்குப் பிடி கிடைக்கும், உங்கள் வேலைக்கு ஏற்ற கனத்தில் அலகு கிடைக்கும், பழுதானால் திருப்பி அனுப்ப ஒரு மனிதர் இருப்பார். ஆயிரக்கணக்கில் செய்யும் தொழிற்சாலை, யார் எப்படிப் பயன்படுத்தினாலும் உடைந்து திரும்பி வரக்கூடாது என்று விளிம்பைக் கொஞ்சம் தடிமனாகவே விடும். உங்களை அறிந்து செய்கிறவர் அதை மெலிதாக்கத் துணிவார்.

முதல் கத்தியாக எதை வாங்கலாம்?

சின்னதாக, தினமும் கையில் எடுக்கும் ஒன்றை. கைக்கு அடக்கமான சமையலறைக் கத்தி என்றால் இன்னும் நல்லது. ஒரே மாதத்தில் அதன் நிறைகுறை எல்லாம் தெரிந்துவிடும். பெரிய வேட்டைக்கத்தியை முதலில் வாங்கி அலமாரியில் வைத்தால் எதுவுமே தெரியவராது.

என் முதல் கத்தி பார்க்கக் கொள்ளை அழகு. கண்ணாடிபோல் மெருகு, பிடியில் வரிவரியாக மரம். காரட்டில் வைத்து அழுத்தினேன். வெட்டவில்லை, பிளந்தது. கூருக்குச் சற்று மேலே அலகின் தடிமன் ஒரு மில்லிமீட்டர். நல்ல சமையலறைக் கத்தியில் அந்த இடம் கால் மில்லிமீட்டருக்கும் கீழே இருக்கும். எவ்வளவு சாணை பிடித்தாலும் தீராத குறை அது. அன்று முதல் மெருகைப் பார்ப்பதற்கு முன்னால் தடிமனைக் கேட்கிறேன்.

நல்ல கைவினைஞரை எப்படிக் கண்டுபிடிப்பது?

கத்திக் கண்காட்சிக்குப் போக முடிந்தால் அதுதான் முதல் வழி. பத்து மேசைகளில் பத்துப் பேரின் வேலையை எடுத்துப் பார்த்தாலே கண் பழகிவிடும். எடுப்பதற்கு முன் கேளுங்கள், அலகின் பரப்பில் விரல் வைக்காதீர்கள். விரல் வியர்வையே கார்பன் எஃகில் துரு பிடிக்க வைக்கும்.

போக முடியாதவர்கள் அவர்கள் போடும் படங்களைச் சில மாதங்கள் பின்தொடருங்கள். முடிந்த கத்தியின் படத்தை விட வேலை நடுவில் எடுத்த படங்கள் அதிகம் சொல்லும். உடைந்துபோன அலகையும் பிழையாய்ப் போன வேலையையும் வெளிப்படையாகக் காட்டுகிறவர் மீது எனக்குத் தனி நம்பிக்கை உண்டு.

சங்கங்களின் சான்றும் உதவும். அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டி 1976-இல் தொடங்கியது. அதில் ‘ஜர்னிமேன் ஸ்மித்’ பட்டம் வேண்டுமென்றால், தானே அடித்துச் செய்த ஒரே கத்தியால் நான்கு சோதனைகளைத் தாண்ட வேண்டும். ஓர் அங்குலத் தடிமனில் தொங்கும் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். கட்டுமான மரச்சட்டத்தை இரண்டு முறை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதற்குப் பிறகும் அதே அலகு கை முடியை மழிக்க வேண்டும். கடைசியாக, இடுக்கியில் வைத்து 90 டிகிரி வளைக்கும்போது இரண்டாக உடையக்கூடாது. விளிம்பு கடினமாகவும் முதுகு இளக்கமாகவும் இருந்தால்தான் இந்த நான்கும் ஒரே கத்தியில் கைகூடும். அலகில் ஜே.எஸ். அல்லது எம்.எஸ். என்ற முத்திரை இருந்தால் அதன் பின்னால் இந்தத் தேர்வு இருக்கிறது. எம்.எஸ். என்பது அதற்கும் மேலான ‘மாஸ்டர் ஸ்மித்’. முத்திரை இல்லாத அருமையான கைவினைஞர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முதல் மடலில் என்ன எழுதுவது?

“ஒரு கத்தி வேண்டும், என்ன விலை?” என்று எழுதாதீர்கள். எந்த வேலைக்கு, எந்தக் கைப்பழக்கம், அலகின் நீளம் சுமாராக எவ்வளவு, எவ்வளவு வரை செலவு செய்யலாம், துருப்பிடிக்கும் எஃகைப் பராமரிக்கும் பொறுமை உண்டா. இந்த ஐந்தையும் எழுதினால் பாதி வேலை முடிந்தது. உள்ளங்கையின் குறுக்களவை மில்லிமீட்டரில் அளந்து அனுப்புங்கள். இடக்கைக்காரர் என்றால் மறக்காமல் சொல்லுங்கள், உறையே அதற்கேற்ப மாறும்.

செலவுத் தொகையைச் சொல்லத் தயங்குகிறவர்கள் நிறைய. சொன்னால் அந்த எல்லைக்குள் எங்கே பணத்தைப் போடலாம் என்று அவரே வழி காட்டுவார்.

பேரம் பேசலாமா?

வேண்டாம். விலை கட்டுப்படவில்லை என்றால் எளிய பிடி, பளபளப்பில்லாத மெருகு, சாதாரண உறை என்று குறைத்துத் தரமுடியுமா என்று கேளுங்கள். அது பேரம் ஆகாது.

எந்த எஃகு நல்லது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. பெயரைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம் என்பதே என் முதல் பதில்.

பெரிதாகப் பார்த்தால் இரண்டு குடும்பம். 1084, 5160, 52100 போன்ற கார்பன் எஃகுகள் கூர் ஏற்ற எளிது, சிறிய உலையிலும் சரியாகப் பதம் போடலாம் (அதாவது காய்ச்சிக் குளிரவைத்துக் கடினமாக்கலாம்), ஈரத்தில் விட்டால் துருப்பிடிக்கும். 52100 என்பது பந்துத் தாங்கிகளுக்காக வந்த எஃகு, 5160 வாகன வில்தகடுகளின் எஃகு. அடி தாங்க வேண்டிய பெரிய கத்திக்கு 5160-ஐ இன்றும் விரும்பிக் கேட்கிறார்கள்.

துருவை எதிர்க்கும் எஃகில் குரோமியம் அதிகம். சவர அலகுக்காக உருவான ஏ.இ.பி.-எல். மெல்லிய சமையலறைக் கத்திக்கு அருமையாகப் பொருந்துகிறது. 2021-இல் வந்த மேக்னாகட், லாரின் தாமஸ் என்ற உலோகவியலாளர் கத்திக்காகவே வடிவமைத்த தூள் உலோக எஃகு, அதாவது எஃகைத் தூளாக்கி அழுத்திச் சேர்த்தது. உறுதி, தேய்மானம் தாங்குவது, துரு எதிர்ப்பு மூன்றும் அதில் நன்றாக ஒத்துப்போகின்றன. டி2 என்பதில் குரோமியம் 12 சதவீதம் அளவில் இருந்தும் அது முழுத் துருவெதிர்ப்பு எஃகு ஆகாது. குரோமியத்தில் கணிசமான பங்கு கார்பனோடு சேர்ந்து கார்பைடு என்ற கடினத் துகளாகக் கட்டுண்டு போவதே காரணம்.

இவ்வளவு சொன்ன பிறகும், கைவினைஞருக்குக் கைவந்த எஃகையே கேளுங்கள். இருபது வருடம் ஒரே எஃகைப் பதம் போட்டவரிடம் போய், நேற்றுப் படித்த புதுப் பெயரில்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் நீங்கள்தான் இழப்பீர்கள்.

பதம் என்று எல்லோரும் பேசுகிறார்களே, அதில் என்ன இருக்கிறது?

கத்தியின் உயிரே அதில்தான் இருக்கிறது, ஆனால் வெளியே துளியும் தெரியாது. 1084 எஃகை எடுத்துக்கொள்வோம். சுமார் 815 டிகிரி செல்சியசுக்குக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து சட்டென்று குளிரவைக்கிறார்கள். அப்போது அலகு கண்ணாடிபோல் கடினமாகிவிடும், கீழே விழுந்தால் உடையும். அதை மறுபடி 200 டிகிரி அளவில் ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரமாக இரண்டு முறை வைத்து இளக்குவார்கள். காய்ச்சும் சூடு கொஞ்சம் ஏறினால் எஃகின் மணிகள் பருத்து அலகு நொறுங்கும். குறைந்தால் கூர் நிற்காது.

அத்தனையும் சரியாக முடிந்த பிறகும் கெடுக்கலாம். கடைசித் தேய்ப்பில் அலகு சூடேறி, விளிம்பில் ஒரு நீலத் திட்டு தோன்றும். 300 டிகிரியைத் தொட்டதன் அடையாளம் அது, அந்த இடத்தில் பதம் போய்விட்டது. அந்த நீலத்தைத் துணிச் சக்கரத்தில் தேய்த்து மறைக்க ஒரு நிமிடம் போதும். வாங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது. அதனால்தான் ஒரு நல்ல கைவினைஞர் தேய்க்கும்போது கையுறை போடாமல், நொடிக்கொரு முறை அலகைத் தண்ணீரில் முக்கி எடுப்பார். விரலுக்குச் சுடுகிறது என்றால் அங்கேயே நிறுத்திவிடுவார்.

கேட்க வேண்டியது மூன்று. பதம் யார் போட்டது, எந்தச் சூட்டில் எப்படி, எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் எண் எவ்வளவு. சமையலறைக் கத்திக்கு 60 முதல் 62, வெட்டி வீசும் பெரிய கத்திக்கு 56 முதல் 58 என்பது சுமாரான அளவு. பதம் போட வெளியே அனுப்பினால் குறை சொல்லாதீர்கள். துருவெதிர்ப்பு எஃகுக்குத் துல்லியமான மின் உலையும், சில சமயம் திரவ நைட்ரஜன் குளிரும் வேண்டியிருக்கும். அதை வைத்திருப்பவரிடம் அனுப்புவதே புத்திசாலித்தனம்.

ஒருமுறை என் கத்திக்கான அலகை எண்ணெயில் தோய்த்த கைவினைஞர் அன்றிரவே எழுதினார்: “டிங் என்று ஒரு சத்தம் கேட்டது. விரிசல் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் அந்தச் சத்தத்துக்கு வேறு அர்த்தம் கிடையாது. புதிதாகத் தொடங்குகிறேன், இரண்டு மாதம் தள்ளிப்போகும்.” அவரிடம் அதற்குப் பிறகு நான்கு கத்திகள் வாங்கியிருக்கிறேன்.

டமாஸ்கஸ் அலகு வாங்கலாமா?

அழகுக்காக வாங்கலாம், அதிகம் வெட்டும் என்று நம்பி வாங்க வேண்டாம். இன்று டமாஸ்கஸ் என்று விற்பது பெரும்பாலும் இரண்டு வகை எஃகை அடுக்கி, காய்ச்சி, அடித்து ஒன்றாக்கி, மடித்து மடித்துச் செய்வது. 1084-ஓடு நிக்கல் கலந்த 15என்20 சேர்ப்பது வழக்கம். முடிந்ததும் அமிலத் திரவத்தில் முக்கினால் நிக்கல் அடுக்கு வெள்ளையாக நிற்கும், மற்றது கறுக்கும். 15 அடுக்கை நான்கு முறை மடித்தால் 240 அடுக்கு. எண்ணிக்கை ஏறுவதால் கூர் ஏறாது.

டமாஸ்கஸ் என்று பெயர்பெற்ற பழைய வாள்களின் நீரோட்ட வரி வேறு வகை. அது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசையில், அதாவது மூடிய மண்கலத்தில், உருக்கிய உயர் கார்பன் எஃகு. மேற்கத்தியர் ‘ஊட்ஸ்’ என்று எழுதிய அந்தப் பெயர், நம் ‘உருக்கு’ என்ற சொல்லோடு உறவுள்ளது என்று கருதுகிறார்கள். அதில் வரிகள் எஃகுக்குள்ளேயே கார்பைடு திரண்டு உண்டானவை.

அடுக்கு எஃகை நவீன கத்தித் தொழிலுக்குத் திரும்பக் கொண்டுவந்தவர் பில் மோரன். 1973-இல் அமெரிக்கக் கத்தி செய்வோர் கில்டின் கண்காட்சியில் அவர் அந்தக் கத்திகளைக் காட்டினார், செய்முறையை மறைக்காமல் மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். இன்று இவ்வளவு பேர் இதைச் செய்வதற்கு அந்தப் பெருந்தன்மை முக்கிய காரணம்.

மலிவான டமாஸ்கசிடம் ஜாக்கிரதை. உள்ளே என்ன எஃகு என்று விற்பவருக்கே தெரியாது, பதமும் அரைகுறை. சிலவற்றில் வரி மேலே பொறித்த வெறும் படம். சந்தேகம் இருந்தால் முதுகுப்பக்கம் பாருங்கள். உண்மையான அடுக்கு முதுகிலும் ஓடும்.

படத்தைப் பார்த்துத் தரத்தை எப்படிக் கணிப்பது?

நேர் மேலிருந்து முதுகைக் காட்டும் படம் கேளுங்கள். முதுகு நேராக இருக்கிறதா, முனையை நோக்கிச் சீராக மெலிகிறதா என்று அதில் தெரியும். அடுத்து, அலகின் சரிவு பிடிக்கு அருகே முடியும் கோடு. இடமும் வலமும் அது ஒரே இடத்தில் நிற்க வேண்டும். கைத்திறன் அங்கேதான் முதலில் அகப்படும். மூன்றாவது, பிடியின் முன்னால் வரும் உலோகப் பூணும் அலகும் சேரும் இடம். வெளிச்சம் புகும் இடைவெளி இருந்தால் நாளைக்கு அங்கே தண்ணீர் புகும். பசையால் நிரப்பியிருந்தால் கறுப்புக் கோடாகத் தெரியும்.

பிடிக்கு எது நல்லது?

ஈரத்தில் புழங்கும் கத்திக்கு மைக்கார்ட்டா. துணி அல்லது காகித அடுக்கை ரெசினில் ஊறவைத்து அழுத்திச் செய்வது, நனைந்தால் பிடி இன்னும் நன்றாக நிற்கும். மரம் பிடிக்கும் என்றால் வெற்றிடத்தில் ரெசின் ஏற்றி உறுதிசெய்த மரத்தைக் கேளுங்கள். பச்சை ஈரம் போகாத மரம் ஒரே கோடையில் சுருங்கி, ரிவிட் மேலே துருத்தும். உட்கார்ந்து விரலால் தடவினால் தெரிந்துவிடும் குறை அது.

தந்தம், ஆமையோடு, பிரேசில் ரோஸ்வுட் வேண்டவே வேண்டாம். அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் இருப்பவை இவை. கத்தியே எல்லையில் பறிமுதலாகும்.

முன்பணம் எவ்வளவு கொடுப்பது? தாமதமானால்?

முழுப்பணத்தையும் முன்கூட்டிக் கேட்கிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஒரு வருடக் காத்திருப்புப் பட்டியல் சாதாரணம், சிலரிடம் அதற்கும் மேல். பலர் உங்கள் முறை வரும்வரை ஒரு பைசாவும் வாங்குவதில்லை. வேலை தொடங்கும்போது ஒரு பங்கு, முடிந்த படம் பார்த்த பின் மீதி என்பது இரு பக்கமும் நியாயம்.

நான் ஒருமுறை முழுத்தொகையும் கொடுத்து, முதலில் சாக்கும் பிறகு மௌனமும்தான் திரும்பப் பெற்றேன். அவர் ஏமாற்றுக்காரராகத் தொடங்கவில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். பழைய ஆர்டரின் செலவுக்குப் புதிய ஆர்டரின் பணத்தை எடுக்கத் தொடங்கினால் யாராலும் மீள முடியாது. அதனால் பணம் செலுத்துவதைத் தடம் உள்ள வழியில் வையுங்கள், பேசியதை எழுத்தில் வையுங்கள். தாமதமானால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மரியாதையாக விசாரியுங்கள். வாரம் ஒருமுறை கேட்டால் அவர் பதில் எழுதும் நேரத்தில் வேலை நிற்கும்.

வேறொருவரின் வடிவத்தைச் செய்து தரச் சொல்லலாமா?

உயிரோடு தொழில் செய்யும் ஒருவரின் தனி வடிவம் என்றால் கூடாது. உங்களுக்குப் பிடித்தது அதில் எந்த அம்சம் என்று சொல்லுங்கள், அவர் தன் வழியில் செய்வார்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா?

பெரும்பாலும் முடியும். ஆனால் அலகின் நீளம், இருபுறக் கூர், பொத்தானை அழுத்தினால் திறக்கும் வகை ஆகியவற்றுக்கு நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. முன்பணம் கொடுக்கும் முன்பே விசாரித்துவிடுங்கள். மதிப்பைக் குறைத்து எழுதி அனுப்பச் சொல்லாதீர்கள். அவரைப் பொய் சொல்லவைக்கிறீர்கள், தொலைந்தால் காப்பீடும் கிடைக்காது.

கத்தி வந்ததும் என்ன செய்வது?

பெட்டியைத் திறப்பதையே படம் எடுங்கள். அலகை வெளிச்சத்தில் சாய்த்து விரிசல், வளைவு பாருங்கள். பிடியை ஐந்து நிமிடம் இறுக்கிப் பிடித்து, உறுத்தும் விளிம்பு உண்டா என்று உணருங்கள். குறை இருந்தால் அன்றே, முதலில் அவரிடம் மட்டும் சொல்லுங்கள். நேர்மையானவர் சரிசெய்து தருவார்.

எப்படிப் பத்திரப்படுத்துவது?

தோலுறைக்குள் வைக்காதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். தோல் பதனிட்ட உப்பும் அமிலமும் அதில் இருக்கும், காற்றின் ஈரத்தையும் தோல் இழுத்து வைத்துக்கொள்ளும். எனக்குப் பிடித்த ஒரு கத்தியை ஒரு மழைக்காலம் முழுக்க உறையோடு விட்டேன். எடுத்தபோது பித்தளை ரிவிட் தலைகளைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு, அலகில் மிளகு தூவியதுபோல் புள்ளிகள். களிம்பு போனது, புள்ளிகள் அப்படியே இருக்கின்றன.

உறையைத் தனியே வையுங்கள். அலகில் மெல்லிய மினரல் எண்ணெய் அல்லது மெழுகு தடவி, சிலிக்கா ஜெல் பையோடு பெட்டியில் வையுங்கள். பிரிட்டிஷ் மியூசியத்தின் பாதுகாப்புப் பணிக்காக உருவான ரெனைசன்ஸ் வாக்ஸ் சேகரிப்பவர்களிடையே பரவலாக இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கார்பன் எஃகில் சாம்பலும் நீலமுமாகப் படர்வது நல்ல படலம், தேய்க்க வேண்டாம். செம்பழுப்பாகத் தெரிந்தால் துரு, உடனே எடுங்கள்.

பின்னாளில் விலை ஏறுமா?

ஏறும் என்று நம்பி வாங்காதீர்கள். பெரும்பாலான கத்திகள் வாங்கிய விலைக்கே போகாது. பெயர்பெற்ற சிலருடையது ஏறும், அங்கே போலியும் வரும். லவ்லஸ் கத்திகளுக்குப் போலி உண்டு, முத்திரையை மட்டும் நம்பி வாங்கினால் ஏமாறலாம். கைவினைஞரிடமே நேராக வாங்கியதில் இந்தக் கவலை கிடையாது. அவர் எழுதிய மடல்கள், வேலை நடந்தபோது எடுத்த படங்கள், ரசீது எல்லாவற்றையும் கத்தியின் பெட்டியிலேயே வையுங்கள். பின்னால் வருகிறவருக்கு அந்தக் காகிதங்களே சான்று.

எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்ய முடியவில்லையே?

ஒரே கைவினைஞரின் வளர்ச்சியைப் பின்தொடர்ந்து சேர்ப்பது எனக்குப் பிடித்த வழி. ஒருவருடைய இரண்டாம் வருடக் கத்தியும் பத்தாம் வருடக் கத்தியும் என்னிடம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. முதலாவதில் சரிவு முடியும் கோடு இடப்பக்கம் ஒரு நூல் தள்ளி நிற்கும். பத்தாம் வருடத்தில் அது இரண்டு பக்கமும் ஒரே இடம்.

பயன்படுத்திக் கூர் மழுங்கிவிட்டது, செய்தவருக்கே அனுப்பலாமா?

தாராளமாக. பலர் தங்கள் கத்திக்குக் காலமெல்லாம் சாணை பிடித்துத் தருகிறார்கள், அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. தெருவில் சக்கரம் சுற்றிச் சாணை பிடிப்பவரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். தண்ணீர் இல்லாத சக்கரம், மேலே சொன்ன அந்த நீலத் திட்டை நொடியில் கொண்டுவந்துவிடும். அனுப்பும்போது எதை வெட்டினீர்கள், எத்தனை நாள் கூர் நின்றது, கை எங்கே வலித்தது என்று ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். விற்றுப்போன கத்தி என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு வேறு வழி அதிகம் இல்லை.